நாத்திகர் பிராட்லா பிரமாணம் எடுக்க முன்வந்தது முரண்பாடா?

சார்லஸ் பிராட்லா தம்மை நாத்திகர் என்று ஊரறியச் சொல்லிக்கொண்டவர். அப்படிப்பட்டவர் 1880இல் பிரிட்டிஷ் காமன்ஸ் சபையில் கடவுளின் பெயரால் பிரமாணம் எடுக்க முன்வந்தது எப்படி, அதற்குப் பிறகு ஆறாண்டுகள் நடந்த போராட்டம் கொள்கைக்கானதா அல்லது நாற்காலிக்கானதா என்பது கேள்வி. இதை முதலில் கேட்டவர்கள் அவருடைய எதிரிகள். அவருக்கு மூத்த நாத்திகச் சிந்தனையாளரான ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக் போன்ற சொந்த முகாமினரும் அதையே கேட்டார்கள். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: பிராட்லா செய்தது உத்தியளவில் ஒரு பிழை, ஆனால் அதைக் கொள்கை முரண் என்று சொல்ல முடியாது. அவர் எப்படிப்பட்ட மனிதர், சட்டத்தை எப்படிப் பார்த்தார் என்பது தெரிந்தால்தான் இந்த வேறுபாடு விளங்கும் என்பதால், சற்றுப் பின்னோக்கிச் சென்று தொடங்குகிறேன்.

1833 செப்டம்பர் 26 அன்று கிழக்கு இலண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில் அவர் பிறந்தார். தந்தை ஒரு வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாக இருந்தவர். மகனின் பள்ளிப்படிப்பு பதினோரு வயதில் முடிந்துவிட்டது. அதன்பிறகு அலுவலகத்தில் எடுபிடி வேலை, நிலக்கரி வணிகர் ஒருவரிடம் கணக்கு வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பள்ளியில் ஆசிரியப் பணி என்று காலம் சென்றது. பேராயர் வருகையையொட்டிச் சிறுவர்களுக்குத் திடப்படுத்தல் என்னும் விசுவாச உறுதிச் சடங்கு நடக்கவிருந்தபோது, அதற்கு ஆயத்தமாகும்படி பாதிரியார் பாக்கர் இந்தப் பையனிடம் சொன்னார். பையன் ஆங்கிலிக்கன் திருச்சபையின் 39 கோட்பாடுகளையும் நான்கு நற்செய்தி நூல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தான். ஒன்றோடொன்று பொருந்தாத இடங்களைக் குறித்துக்கொண்டு, விளக்கம் வேண்டிப் பாதிரியாருக்கே பணிவாக ஒரு கடிதம் எழுதினான். விளக்கம் வரவில்லை. பையன் நாத்திகனாகிவிட்டான் என்று தந்தைக்குப் புகார் போயிற்று, ஆசிரியப் பணியிலிருந்து இடைநீக்கமும் வந்தது. பதினாறு வயதில் அவர் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. கேள்வி கேட்ட பையனை நாத்திகனாக்கியதில் பாக்கருக்குப் பெரும் பங்கு உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆயினும் இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று: எழுதிவைத்த இரண்டு வாசகங்களை ஒப்பிட்டு, முரண்பாட்டைச் சுட்டி, உரியவரிடம் முறைப்படி விளக்கம் கேட்பது. வாழ்நாள் முழுவதும் அவர் கையாண்ட முறை இதுவேயாகும்.

வீடு இழந்த அந்த இளைஞருக்கு அடைக்கலம் தந்தவர், பத்திரிகைச் சுதந்திரத்துக்காக ஆண்டுக்கணக்கில் சிறையிலிருந்த ரிச்சர்ட் கார்லைலின் துணைவியார் எலிசா ஷார்ப்பிள்ஸ். கடன் தொல்லை மிகுந்ததால் 1850 டிசம்பரில் பிராட்லா இராணுவத்தில் சேர்ந்து அயர்லாந்துக்கு அனுப்பப்பட்டார். குத்தகை விவசாயிகளை நிலவுடைமையாளர்கள் வீட்டிலிருந்து வெளியேற்றும் இடங்களுக்குக் காவலாகச் சென்ற படையில் அவரும் நின்றார். அங்கே கண்டவற்றைப் பிற்காலத்தில் மேடைகளில் விரிவாகச் சொன்னார். 1853இல், உறவினர் ஒருவர் இறந்தபோது கிடைத்த சிறு பணத்தைக் கொண்டு படையிலிருந்து விடுதலை பெற்று, இலண்டனுக்குத் திரும்பி, ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தாவானார். முதலாளிக்குத் தொல்லை வரக்கூடாது என்பதற்காக மேடையில் 'சிலையுடைப்போன்' என்று பொருள்படும் 'ஐகனோகிளாஸ்ட்' என்ற புனைபெயரை வைத்துக்கொண்டார். பகலில் சட்டக் கட்டுகள், இரவில் சொற்பொழிவு. பட்டம் பெறாத, வழக்கறிஞராகப் பதிவு செய்துகொள்ளாத இந்த மனிதர் பின்னாளில் இங்கிலாந்தின் உயர் நீதிமன்றங்களில் தமக்காகத் தாமே வாதாடி, தேர்ந்த வழக்கறிஞர்களைத் திணறடித்தார் என்றால், அதற்கான பயிற்சி இந்த அலுவலகத்தில் கிடைத்ததே.

1860இல் 'நேஷனல் ரிஃபார்மர்' வார இதழ் தொடங்கியது. 1866இல் தேசிய மதச்சார்பின்மைச் சங்கம் உருவானது. மலிவு விலைப் பத்திரிகைகள் அரசுக்குப் பிணைத்தொகை கட்ட வேண்டும் என்று அப்போது ஒரு பழைய சட்டம் இருந்தது. தூங்கிக்கொண்டிருந்த அச்சட்டத்தை எழுப்பி 1868இல் அரசு அவர்மீது வழக்குத் தொடுத்தபோது, அவர் விட்டுக்கொடுக்கவில்லை; அடுத்த ஆண்டே அச்சட்டம் நீக்கப்பட்டது. இதைவிட நம் கேள்விக்கு நெருக்கமானது இன்னொரு வழக்கு. தமக்கு வரவேண்டிய பணத்துக்காக அவர் வாதியாக நீதிமன்றம் சென்றபோது, கடவுள் நம்பிக்கை இல்லாதவரின் பிரமாணம் செல்லாது என்று கூறி அவருடைய சாட்சியத்தை ஏற்க மறுத்தார்கள். அதாவது, ஒரு நாத்திகரை ஏமாற்றினால் அவரால் நீதிமன்றத்தில் ஒன்றும் செய்ய இயலாது என்ற நிலை. இதற்கெதிராக எழுந்த கிளர்ச்சியின் பயனாக 1869, 1870 ஆம் ஆண்டுகளின் சாட்சியத் திருத்தச் சட்டங்கள் வந்தன. பிரமாணத்துக்குப் பதிலாக, கடவுளைக் குறிப்பிடாத உறுதிமொழி கூறிச் சாட்சி சொல்லும் உரிமை நாத்திகர்களுக்குக் கிடைத்தது. இச்சட்டங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பத்தாண்டு கழித்து நடந்த நாடாளுமன்றப் போர் இவற்றின் மேல்தான் நடந்தது.

சொந்த வாழ்க்கையில் அந்தப் பத்தாண்டு அவருக்குக் கொடியதாக இருந்தது. மனைவி சூசன்னா குடிப்பழக்கத்துக்கு அடிமையானார். கடன் பெருகி 1870இல் வீட்டுச் சாமான்களை விற்று, மனைவியையும் மகள்களையும் கிராமத்தில் மாமனாரிடம் அனுப்பிவிட்டு, வைட்சேப்பல் பகுதியில் இரண்டு சிறு அறைகளில் தங்கினார். அதே ஆண்டில் ஒரே மகன் இறந்தான். கடனை அடைக்க அமெரிக்காவுக்கு மூன்று முறை சொற்பொழிவுப் பயணம் சென்றார். 1874இல் அன்னி பெசன்ட் அவருடைய இயக்கத்தில் வந்து சேர்ந்தார். பின்னாளில் அடையாற்றில் வாழ்ந்து, 1917இல் காங்கிரசுக்குத் தலைமை தாங்கிய அதே பெசன்ட் அம்மையார்தான்.

1877இல் இருவரும் சேர்ந்து செய்த ஒரு காரியம் பிராட்லாவின் பெயரை இங்கிலாந்தின் மரியாதைப்பட்ட வீடுகளில் உச்சரிக்கத் தகாததாக்கியது. அமெரிக்க மருத்துவர் சார்லஸ் நோல்டன் எழுதிய கருத்தடை பற்றிய சிறுநூலை ஒரு பதிப்பாளர் வெளியிட்டதற்காகத் தண்டனைக்கு உள்ளானபோது, இவர்கள் அதையே ஆறு பென்னி விலையில் வெளியிட்டு, விற்பனை நாளையும் இடத்தையும் காவல்துறைக்கு முன்கூட்டியே தெரிவித்தார்கள். தலைமை நீதிபதி காக்பர்ன் முன் நடந்த விசாரணையில் இருவருக்கும் ஆறு மாதச் சிறையும் 200 பவுன் அபராதமும் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டில் தண்டனை நீங்கியது; ஆபாசம் என்று கருதப்பட்ட சொற்களைக் குற்றப்பத்திரிகையில் எடுத்துக்காட்டவில்லை என்ற சட்ட நுணுக்கமே அவர்களை விடுவித்தது. பிராட்லா தப்பினார், ஆனால் பெசன்ட் தம் மகளை வளர்க்கும் உரிமையை நீதிமன்ற ஆணையால் இழந்தார். நாத்திகர், முடியாட்சி எதிர்ப்பாளர், அதற்குமேல் கருத்தடைப் பிரசாரகர் என்ற மூன்று பட்டங்களோடுதான் அவர் நாடாளுமன்ற வாசலில் வந்து நின்றார் என்பதை மறக்கக்கூடாது.

நார்த்தாம்ப்டன் செருப்புத் தைக்கும் தொழிலாளர்கள் நிறைந்த ஊர். 1868இலும், 1874இல் இருமுறையும் அங்கே தோற்றவர், 1880 பொதுத்தேர்தலில் ஹென்றி லபூஷேருடன் சேர்ந்து வென்றார். அந்த லபூஷேர் நையாண்டிக்குப் பெயர் போனவர். தம்மை 'நார்த்தாம்ப்டனின் கிறிஸ்தவ உறுப்பினர்' என்று அழைத்துக்கொண்டார்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். 1880 மே 3 அன்று பிராட்லா சபை மேசைக்கு வந்து முதலில் கேட்டது பிரமாணத்தை அன்று, உறுதிமொழியை. நாடாளுமன்றப் பிரமாணங்கள் பற்றிய 1866ஆம் ஆண்டுச் சட்டம், பிரமாணம் எடுப்பதையே மத அடிப்படையில் மறுக்கும் குவேக்கர் முதலிய கிறிஸ்தவப் பிரிவினருக்கும், உறுதிமொழி கூறச் சட்டம் அனுமதித்த பிறருக்கும் அந்த உரிமையைத் தந்திருந்தது. சாட்சியச் சட்டங்கள் தம்மை அப்படிப்பட்ட 'பிறர்' ஆக்கிவிட்டன என்பது அவர் வாதம். சபாநாயகர் பிராண்ட் தாமே முடிவு சொல்லியிருக்கலாம். சபையின் தலையில் சுமத்தினார். ஒரு தேர்வுக்குழு அமைந்தது. அது தலைவரின் ஒற்றை வாக்கால் பிராட்லாவுக்கு எதிராகத் தீர்மானித்தது.

உறுதிமொழிக் கதவு அடைக்கப்பட்டதும் அவர் முன்னிருந்த வழிகள் இரண்டுதாம்: தொகுதி மக்களின் தேர்வைக் கைவிட்டு வீடு திரும்புவது, அல்லது சட்டம் கேட்கும் சொற்களைச் சொல்லி இடத்தில் அமர்வது. அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். அதோடு நின்றிருந்தால் பெரும்பாலும் எதுவும் நடந்திருக்காது. வெளியே சொல்லாத நாத்திகர்கள் பலர் அதே சபையில் அமைதியாகப் பிரமாணம் எடுத்துவிட்டு அமர்ந்திருந்தார்கள் என்பது அன்று எல்லோரும் அறிந்த இரகசியம். ஆனால் பிராட்லா பத்திரிகைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். பிரமாணத்தின் சில சொற்கள் தமக்குத் தெளிவான பொருள் தராதவை என்றும், தம்மைக் கட்டுப்படுத்துவது அச்சொற்களின் எழுத்தன்று, உறுதிமொழி வழியாகத் தாம் ஏற்றிருக்கக்கூடிய கடமையின் உட்பொருளே என்றும் அதில் விளக்கினார். நேர்மை காரணமாக எழுதிய கடிதம்தான். ஆனால் எதிரிகளுக்கு அவரே கத்தியைத் தீட்டிக் கொடுத்ததாக அது முடிந்தது. மறுநாள் அவர் பிரமாணம் எடுக்க மேசையை நெருங்கியபோது, பொருளில்லாதது என்று தாமே எழுதிய சொற்களைச் சொல்லப் போகிறவரை அனுமதிப்பது பிரமாணத்தையே இழிவுபடுத்தும் என்று எதிர்க்கட்சி உறுப்பினர் டிரம்மண்ட் வுல்ஃப் எழுந்து தடுத்தார்.

கொள்கை முரண் என்ற குற்றச்சாட்டு நிற்காமல் போவது இந்த இடத்தில்தான். முரண்பாடு உள்ளவர் மறைப்பார். இவர் மறைக்காததால்தான் மாட்டிக்கொண்டார். ஹோலியோக்கின் நிலை இன்னும் தூய்மையானது: நம்பாத சொல்லை வாயால் சொல்லவே கூடாது, சட்டம் மாறும்வரை வெளியே நிற்க வேண்டும். அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த வழியில், சபை அனுமதிக்கும் சிலரைத் தவிர வேறு யாரையும் ஒரு தொகுதி தேர்ந்தெடுக்க முடியாது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். நார்த்தாம்ப்டன் வாக்காளர்களின் உரிமையே பெரிது, தம்முடைய நம்பிக்கையின்மை அதற்குக் குறுக்கே வரக்கூடாது என்பது பிராட்லாவின் கணக்கு. நிர்ப்பந்தத்தில் சொல்லவேண்டிய வாய்பாட்டுச் சொற்களின் கறை சொன்னவரைச் சாராது, கட்டாயப்படுத்திய சட்டத்தையே சாரும் என்று அவர் வாதிட்டார்.

இரண்டாவது குழு, அவரை உறுதிமொழி எடுக்கவிட்டு நீதிமன்றம் முடிவு செய்யட்டும் என்று சொன்னது. சபை அதையும் ஏற்கவில்லை. ஜூன் 22 அன்று, பிரமாணமும் கூடாது, உறுதிமொழியும் கூடாது என்று 275க்கு 230 என்ற வாக்குகளில் தீர்மானித்தது. மறுநாள் சபையின் தடுப்புக்கம்பியருகே நின்று பேசிய பிராட்லா வெளியேற மறுத்ததால், நாடாளுமன்ற மணிக்கூண்டிலிருந்த அறையில் அடைக்கப்பட்டு, அடுத்த நாள் விடுவிக்கப்பட்டார். ஜூலையில் பிரதமர் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த தீர்மானத்தின்படி, வழக்கு வந்தால் எதிர்கொள்ள வேண்டிய பொறுப்புடன் உறுதிமொழி எடுத்து அமர்ந்தார். வழக்கு உடனே வந்தது. சட்டப்படி பிரமாணம் எடுக்காமல் அளிக்கும் ஒவ்வொரு வாக்குக்கும் 500 பவுன் தண்டம். நியூடிகேட் என்ற எதிர்க்கட்சி உறுப்பினர், கிளார்க் என்பவரை முன்னால் நிறுத்தி, செலவைத் தாம் ஏற்று வழக்காடினார். 1881 மார்ச்சில் பிராட்லா தோற்றுத் தம் இடத்தை இழந்தார். ஏப்ரலில் நார்த்தாம்ப்டன் மீண்டும் அவரையே தேர்ந்தெடுத்தது.

1881 ஆகஸ்ட் 3 அன்று ஆதரவாளர் கூட்டம் வெஸ்ட்மின்ஸ்டரில் திரண்டிருக்க, அவர் சபைக்குள் நுழைய முயன்றார். வாயிற்காவலர்களும் காவல்துறையினரும் சேர்ந்து, நல்ல உயரமும் உடற்கட்டும் கொண்ட அம்மனிதரைப் படிகளில் இழுத்து வெளியே தள்ளினார்கள். சட்டை கிழிந்தது, கைத்தசைகள் காயம்பட்டன. வெளியே நின்ற பல்லாயிரம் பேருக்கு அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது யாவருக்கும் தெரியும், அவர் சொல்லவில்லை. 1882 பிப்ரவரி 21 அன்று விடுவிடுவென மேசைக்கு நடந்துவந்து, சட்டைப்பையிலிருந்து புதிய ஏற்பாட்டை எடுத்து, தமக்குத் தாமே பிரமாணம் செய்து, தாளில் கையொப்பமிட்டு, இருக்கையில் அமர்ந்தார். சபை அவரை நீக்கியது. மார்ச்சில் செருப்புத் தொழிலாளர்கள் மறுபடியும் தேர்ந்தெடுத்தார்கள். 1884இல் இதே காட்சி மீண்டும் நடந்தது.

இந்த ஆண்டுகளில் நீதிமன்றங்களில் நடந்தவை எனக்குச் சபைக் காட்சிகளைவிடச் சுவையாகத் தோன்றுகின்றன. தண்ட வழக்கை மேலே கொண்டுசென்ற பிராட்லா 1883இல், அன்று இறுதி மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையில் வென்றார்: அந்தத் தண்டத்தைக் கேட்கும் உரிமை அரசுக்கே உண்டு, வழியில் போகிற யாரும் கேட்க முடியாது என்று தீர்ப்பாயிற்று. அடுத்தவர் வழக்குக்குப் பணம் கொடுத்துத் தூண்டுவது பழைய சட்டப்படி குற்றம் என்று காட்டி நியூடிகேட்டிடமே நட்ட ஈடும் பெற்றார். ஆனால் சபை தம்மை வெளியே நிறுத்தியது தவறு என்று அவர் தொடுத்த வழக்கில், தன் உள் நடவடிக்கைகளுக்குச் சபையே நீதிபதி, நீதிமன்றம் தலையிடாது என்று 1884இல் முடிவாயிற்று. இன்றும் நாடாளுமன்றச் சிறப்புரிமை பற்றிப் பேசும் சட்ட நூல்கள் அந்தத் தீர்ப்பை எடுத்தாளுகின்றன. சபையில் கிளாட்ஸ்டன் ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கையுடையவராயிருந்தும், 1883 ஏப்ரலில் உறுதிமொழி மசோதாவுக்காக, லத்தீன் கவி லுக்ரீஷியஸை மேற்கோள் காட்டி, அவருடைய தலைசிறந்த உரைகளுள் ஒன்று என்று சொல்லப்படும் உரையை ஆற்றினார். மசோதா 289க்கு 292 என்று மூன்று வாக்குகளில் தோற்றது. அயர்லாந்து உறுப்பினர்களில் பெரும்பாலோர் எதிர்த்து வாக்களித்தார்கள். அயர்லாந்து விவசாயிகளுக்காகப் பேசிவந்தவருக்கு அவர்களுடைய கத்தோலிக்கப் பிரதிநிதிகள் தந்த கைம்மாறு அது.

முடிவு வந்த விதத்தில் ஒரு நகைப்பு உண்டு. 1885இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், கடவுளை நம்பாதவர் சட்டப்படி பிரமாணம் எடுக்கவே முடியாது என்று தீர்ப்பளித்தது. அடுத்த பொதுத்தேர்தலில் அவர் வென்று, 1886 ஜனவரியில் புதிய நாடாளுமன்றம் கூடியபோது, புதிய சபாநாயகர் ஆர்தர் பீல், உறுப்பினருக்கும் பிரமாணத்துக்கும் இடையே குறுக்கிட எவருக்கும் உரிமையில்லை என்று சொல்லி எதிர்ப்புகளைக் கேட்கவே மறுத்துவிட்டார். பிராட்லா பிரமாணம் எடுத்துக் கையொப்பமிட்டு அமர்ந்தார். பிராண்ட் 1880இல் செய்திருக்கக்கூடியதைத்தான் பீல் செய்தார்; நடுவில் ஆறு ஆண்டுகள் போயின.

உள்ளே சென்றதும் அவர் செய்த முதன்மையான வேலைகளில் ஒன்று, தாம் கடந்துவந்த வழியைத் தமக்குப் பின்வருவோர் கடக்க வேண்டாதபடி செய்தது. 1888ஆம் ஆண்டுப் பிரமாணச் சட்டம் அவர் கொண்டுவந்த மசோதாவின் விளைவு. மத நம்பிக்கை இல்லை என்றோ, பிரமாணம் தம் மதத்துக்கு மாறானது என்றோ காரணம் சொல்பவர் நாடாளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் உறுதிமொழி கூறலாம் என்று அது வகை செய்தது. காரணத்தைச் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையை அவருடைய தோழர்கள் சிலர் வெறுத்தார்கள். சட்டம் நிறைவேற அது தேவை என்று அவர் விட்டுக்கொடுத்தார். நாற்காலி மட்டுமே நோக்கமாயிருந்தால் 1886லேயே அது கிடைத்துவிட்டது. இந்த மசோதாவுக்கு அவசியமே இருந்திருக்காது. (சட்டமன்றத்தில் 'கடவுளின் பெயரால்' என்று ஒருவரும் 'உளமார' என்று இன்னொருவரும் பதவியேற்பதைக் கேட்டுப் பழகிய நமக்கு, இது ஒரு காலத்தில் ஆறாண்டுச் சண்டை என்பது வியப்பாகவே இருக்கும்.)

எல்லா இடங்களிலும் அவர் முற்போக்காளர் என்று நினைக்க வேண்டாம். சோஷலிசத்தை அவர் கடுமையாக எதிர்த்தார். 1884இல் சோஷலிசத் தலைவர் ஹைண்ட்மனுடன் அதுபற்றிப் பொதுமேடையில் வாதிட்டார். தனிமனித முயற்சியில் அவருக்கிருந்த நம்பிக்கை, தாமே கடனில் மூழ்கிக் கரையேறியவரின் நம்பிக்கை. பெசன்ட் சோஷலிசத்துக்கும் பிறகு 1889இல் பிரம்மஞானத்துக்கும் சென்றது அவரை வருத்தியது.

இந்தியாவுக்கு அவர் செய்ததைச் சொல்லாமல் விட முடியாது. நாடாளுமன்றத்தில் இந்தியாவுக்காகப் பேசிவந்த ஹென்றி ஃபாசெட்டுக்குப் பிறகு 'இந்தியாவுக்கான உறுப்பினர்' என்ற பெயர் அவருக்கு வந்தது. 1889 இலையுதிர்காலத்தில் கடும் நோயிலிருந்து எழுந்தவர், டிசம்பரில் பம்பாய் காங்கிரஸ் மாநாட்டுக்கு வந்தார். வெட்டர்பர்ன் தலைமை தாங்கிய அம்மாநாட்டுக்கு வந்த பிரதிநிதிகள் தொகை, ஆண்டின் எண்ணைப் போலவே, 1889. இங்கிலாந்து திரும்பியதும் சட்டமன்றங்களில் இந்தியர்களுக்குத் தேர்தல்வழி இடம் வேண்டி ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார், அது நிறைவேறவில்லை. அதற்கும் முன்பே சென்னையில் அவருடைய இயக்கத்தின் எதிரொலி கேட்டது. 1882 முதல் 1888 வரை சென்னை இலௌகிக சங்கத்தார் நடத்திய 'தத்துவவிவேசினி' இதழ், இலண்டன் நாத்திகர்களின் எழுத்துகளைத் தமிழில் தந்தும், சாதி, புரோகிதம் பற்றிச் சொந்தமாக எழுதியும் வந்தது. தமிழில் நாத்திகப் பரப்புரையின் தொடக்கத்தைப் பெரியாரிடமிருந்தே எண்ணுவோர் இந்த இதழைப் பார்க்க வேண்டும்.

1891 ஜனவரியில் அவர் மரணப் படுக்கையில் இருந்தார். ஜனவரி 27 அன்று காமன்ஸ் சபை, அவருக்கு எதிரான 1880 ஜூன் 22ஆம் நாள் தீர்மானத்தைத் தன் பதிவேட்டிலிருந்து நீக்க முடிவு செய்தது. செய்தியை உணரும் நிலையில் அவர் இல்லை. ஜனவரி 30 அன்று இறந்தார். கடைசி நேரத்தில் மனம்மாறிக் கடவுளை ஏற்றார் என்ற கதை கிளம்பும் என்பது தெரிந்திருந்ததால், மகள் ஹைபேஷியா உடனிருந்து பார்த்துக்கொண்டவர்களிடம் எழுத்து வாக்குமூலம் வாங்கி வைத்தார். எதிர்பார்த்தபடியே கதை கிளம்பியது. பிப்ரவரி 3 அன்று ப்ரூக்வுட் இடுகாட்டில், அவர் விருப்பப்படி சொற்பொழிவு எதுவுமின்றி, உடல் அடக்கம் செய்யப்பட்டது. அங்கே நின்ற இந்தியர்களுள் சட்டம் படித்துக்கொண்டிருந்த இருபத்தொரு வயது மோகன்தாஸ் காந்தியும் ஒருவர். திரும்பும் வழியில் இரயில் நிலையத்தில் நாத்திகர் ஒருவர் பாதிரியார் ஒருவரை மடக்கி, உங்கள் கடவுள் எவ்வளவு பெரியவர், எங்கே இருக்கிறார் என்று கேள்விமேல் கேள்வி கேட்டதையும், அது தமக்குப் பிடிக்கவில்லை என்பதையும் காந்தி தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார்.